"எந்தக் கண்ணம்மா?" என்று கேட்கிற மெல்லிசைக் குழு

தங்கையின் ரிசப்ஷனுக்கு இந்த மெல்லிசைக் குழுவைத்தான் கூப்பிட்டிருந்தோம். கீபோர்டு, தபேலா, பேட், பேஸ் கிட்டார், புல்லாங்குழல், பாடுவதற்கு நான்கு பேர். ட்ராக் போட்டுவிட்டு மைக் பிடிக்கிற வேலை இல்லை, அத்தனையும் கையால் வாசித்தார்கள். இப்போதெல்லாம் அதுவே அபூர்வம்.

எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நேயர் விருப்பத்துக்குச் சீட்டு எழுதுகிறவர்கள் படத்தின் பெயரைப் போடுவதே இல்லை. வாயில் வருகிற முதல் சொல்லோடு சரி. அன்று மேடைக்குப் போன மூன்று சீட்டுகளில் 'கண்ணம்மா' என்று மட்டும்தான் இருந்தது. வேறு குழுவாக இருந்தால் பழகின ஒன்றைப் பாடிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பார்கள். இவர்களின் அறிவிப்பாளர் மேடையை விட்டு இறங்கி வந்து, "அண்ணே, காலாவா, றெக்கயா, இல்ல ராஜா சாரோடதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு வேண்டியது 'காலா' (2018). அத்தை மகள் கேட்டது 'றெக்க' (2016) படத்தில் இமான் இசையில் நந்தினி ஸ்ரீகர் பாடியது. சித்தப்பா கேட்டது 'வண்ண வண்ண பூக்கள்' (1992) படத்தில் வரும் 'கண்ணம்மா காதல் எனும் கவிதை சொல்லடி'. மூன்றுமே பாடினார்கள், நடுநடுவே குத்துப் பாட்டு வைத்து. 'காலா' பாட்டு சந்தோஷ் நாராயணன் இசையில் பிரதீப் குமாரும் தீயும் பாடியது. கல்யாணக் கூட்டத்துக்கு ரொம்ப அடங்கின பாட்டு. பேடை நிறுத்திவிட்டு, கீபோர்டை மட்டும் மெல்ல ஓடவிட்டு எடுத்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா பாட்டைப் பாடினவர் இளையராஜா குரலை மிமிக்ரி செய்யாமல் தன் குரலிலேயே பாடினார். அதற்காகவே அவருக்குத் தனியாகச் சால்வை போட்டோம்.

இடைவேளையில் கீபோர்டுக்காரரின் நோட்டைப் பார்த்தேன். நீளமான கணக்கு நோட்டு. பாட்டின் முதல் வரி, பக்கத்தில் படம், யார் பாடியது, எந்த ஸ்கேல். கண்ணம்மா பக்கத்தில் சாம் சி.எஸ். இசையில் அனிருத் பாடிய 2019 பாட்டும் இருந்தது. அதற்குக் கீழே 'சுட்டும் விழிச்சுடர்' இரண்டு: 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தில் ஹரிஹரன் பாடிய பாரதியின் வரிகள், அப்புறம் 'கஜினி' (2005). இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு. இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. இடதுபக்க ஸ்பீக்கரைப் பந்தி நடக்கிற பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்குப் பேச முடியவில்லை. சொன்ன பிறகும் அரை மணி நேரம் கழித்துத்தான் மாற்றினார்கள். கடைசியில் அவசரம் வேறு. அப்பா 'தென்றல் வந்து' என்று எழுதிக் கொடுத்தது 'தென்றலே என்னைத் தொடு' (1985) படத்தில் யேசுதாசும் ஜானகியும் பாடியதை நினைத்து. கேட்காமலே 'அவதாரம்' (1995) பாட்டை எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், ஆனால் அப்பா கேட்டது அது இல்லை. மறுபடி பாட நேரமும் இல்லை.

புக் செய்கிறவர்கள் ஆறரைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மண்டபத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். பெரியவர்களின் விருப்பப் பாட்டுகளைப் படத்தின் பெயரோடு எழுதி முன்கூட்டியே அறிவிப்பாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.