3 ஃபினா, 4 ஃபினா, 2 போதுமா? சர்ஃப் போர்டு ஃபின் அலசல்

போர்டு வாங்கறப்ப லிட்டர் (போர்டோட கன அளவு) பாப்போம், நீளம் பாப்போம், கலர் கூட பாப்போம், அடியில வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி மாட்டற ஃபினை மட்டும் கூட வந்தது எதுவோ அதுவே இருக்கட்டும்னு விட்டுடுவோம். நானும் அப்படித்தான். 71 கிலோ ஆளு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 6'6" போர்டுல லார்ஜ் ஃபின் இருந்துச்சு, சென்னை பக்கத்து கோவளத்துல ஒரு சீசன் முழுக்க போர்டு திரும்பவே மாட்டேங்குது, என் இடுப்புதான் மரக்கட்டை போலன்னு நினைச்சிட்டு இருந்தேன். ஒருநாள் ஃப்ரெண்டோட மீடியம் செட்டை மாட்டிட்டு போனா மூணாவது அலையிலயே திரும்புது! இடுப்பு அதே இடுப்புதாங்க.

அதனால முதல்ல சைஸ். எஃப்சிஎஸ்ங்கற ஃபின் கம்பெனி கணக்குல 55-70 கிலோவுக்கு ஸ்மால், 65-80க்கு மீடியம், 75-90க்கு லார்ஜ். நடுவுல மாட்டிக்கிட்டவங்க, அலை பவரா இருக்கற இடம்னா பெருசு, சின்ன அலையில லூசா விளையாடணும்னா சின்னதுன்னு எடுத்துக்கலாம். ஃபின் பெருசானா பிடிமானம் ஜாஸ்தி, திருப்பறது கஷ்டம். சின்னதானா நேர் எதிர்.

இப்ப எத்தனை ஃபின்ங்கற சண்டைக்கு வருவோம். 3 ஃபின், அதாவது த்ரஸ்டர், ஆஸ்திரேலியாவோட சைமன் ஆண்டர்சன் 1980ல கொண்டு வந்தது. அப்ப அதே ஊர்க்காரரு மார்க் ரிச்சர்ட்ஸ் ட்வின், அதாவது 2 ஃபின்ல வரிசையா உலகப் பட்டம் அடிச்சிட்டு இருந்தாரு (1979லேர்ந்து 82 வரைக்கும் 4 தடவை), ஆனா ஆண்டர்சன் நல்ல ஆஜானுபாகு, பெரிய அலையில அவருக்கு ட்வின் வழுக்கிட்டே போச்சு, சரின்னு நடுவுல இன்னொண்ணு வச்சாரு, 1981ல ஆஸ்திரேலியாவுல பெல்ஸ் பீச் போட்டியில ராட்சச அலையில ஜெயிச்சதும் ஊரே அதுக்கு மாறிடுச்சு. இன்னைக்கும் எந்த அலைன்னு தெரியாம கடலுக்கு போறீங்கன்னா த்ரஸ்டர்தான். எதுலயும் முதல் மார்க் வாங்காது, எதுலயும் ஃபெயிலும் ஆகாது.

குவாட், அதாவது 4 ஃபின்ல நடு ஃபின் கிடையாது, பின்னாடி தண்ணி தடங்கல் இல்லாம வெளிய போகும், அதனால வேகம் வரும். கோவளம் பாயிண்ட், இலங்கையோட அருகம்பே மாதிரி வலது பக்கமா நீளமா ஓடற அலையில செக்‌ஷனை (அலையில அடுத்து உடையற பகுதியை) துரத்திப் பிடிக்க இது சூப்பர். ஆனா அலையோட உச்சிக்கு போய் வெடுக்குனு திருப்பணும்னா வால் பக்கம் ஊன்றதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு ஃபீல், பழகறதுக்கு நாளாகும், எனக்கு இன்னும் முழுசா பழகலை.

என் மனசுக்கு பிடிச்சது ட்வின்தான், ஒளிவு மறைவு என்ன. முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல வர சோம்பேறி அலைதானே நமக்கு பாதி நாள், அதுல த்ரஸ்டர் மூச்சு வாங்கும், ட்வின் பறக்கும். இதுலயே கீல்னா அடிப்பாகம் அகலமா உயரம் கம்மியா இருக்கும், நேரா வேகமா போய் பெரிய வளைவா திரும்பும், நிமிர்ந்து நிக்கற ட்வின்னா இன்னும் சுருக்கா திரும்பும். ஆனா அக்டோபருக்கு அப்புறம் வாடைக்காத்து கடலை கலக்கி விடறப்ப இதை எடுத்துட்டு போகாதீங்க, சேத்துல செருப்பு போட்டு ஓடற மாதிரி வழுக்கும்.

லாங்போர்டுக்கு சிங்கிள், அடிக்கு ஒரு இஞ்ச் கணக்கு, 9 அடி போர்டுக்கு 9 இஞ்ச் பக்கம். பாக்ஸுக்குள்ள (போர்டுல ஃபின் சொருகற குழி) முன்னாடி தள்ளி வச்சா லூசா திரும்பும், பின்னாடி தள்ளினா நேரா போகும். நுரையோட கரை வரைக்கும் வராதீங்க, அவ்ளோ பெரிய ஃபின் மணல்ல குத்திச்சுன்னா போர்டு நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க.

எதை வாங்கினாலும் போர்டுல என்ன பாக்ஸ்னு பாத்துட்டு காசு குடுங்க. எஃப்சிஎஸ் 2ங்கற மாடல் ஃபின், ஃப்யூச்சர்ஸ்ங்கற இன்னொரு கம்பெனி பாக்ஸுல போகாது, அதுவும் இதுல போகாது. ஆன்லைன்ல எனக்கு மாத்தி அனுப்பிட்டு, திருப்பி எடுக்க 3 வாரம் இழுத்தடிச்சாங்க. எஃப்சிஎஸ் 2க்கு ஸ்க்ரூ வேணாம், முன்பக்க பல்லை உள்ள விட்டு பின்னாடி உள்ளங்கையால அழுத்தினா டக்குனு உக்காந்துடும். கழட்டறதுதான் வம்பு, பாக்ஸுல மணல் ஏறிடுச்சுன்னா அசையாது, வெறுங்கையால இழுத்து கட்டைவிரல் ரேகைக்கு குறுக்கா கிழிச்சுக்கிட்டவன் சொல்றேன், துண்டை சுத்திட்டு இழுங்க. ஃப்யூச்சர்ஸ்ல ஒரே ஸ்க்ரூ, பிடிப்பு கெட்டி, ஆனா உப்புல ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஆலன் கீ சும்மா சுத்த ஆரம்பிச்சா அன்னைக்கு காலைல அலை போச்சு. மாசத்துக்கு ஒருதடவை கழட்டி நல்ல தண்ணில கழுவிடுங்க.

மெட்டீரியல் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. போர்டோட வர பிளாஸ்டிக் நெளியும், அதை மட்டும் மாத்தி ஃபைபர்கிளாஸோ ஹனிகோம்போ (உள்ள தேன்கூடு மாதிரி இருக்கறது) போட்டா போதும்.

5 பாக்ஸ் போர்டு கிடைச்சா விடாதீங்க, 3 ஃபினும் மாட்டலாம், 4 ஃபினும் மாட்டலாம். மீடியம் த்ரஸ்டர் செட் ஒண்ணு, கூட குவாட்டுக்கான பின்பக்க ஜோடி மட்டும் தனியா, முன்னாடி ரெண்டும் அதேதான். ஆடி மாசம் காலைல மேல்காத்து அடிச்சு அலை சுத்தமா நிக்கறப்ப என் நடு ஃபின் பைக்குள்ளதான் கிடக்கும், வாடை திரும்பினதும் எடுத்து மாட்டிடுவேன்.