புளொக் சுவரா, இடைவெளி விட்ட செங்கல் சுவரா? மலையகக் குளிரில் இரண்டு வருட அனுபவம்

தலவாக்கலைப் பக்கம் நாங்கள் வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது. அதே வருடம் எங்கள் காணிக்குக் கீழே மச்சானும் கட்டினார். ஒரே அளவு வீடு, ஒரே மழை, ஒரே காற்று. அவர் போட்டது ஆறங்குல சிமெந்து புளொக் சுவரும் வெறும் தகரக் கூரையும். நாங்கள் நடுவில் காற்று இடைவெளி விட்ட செங்கல் சுவர் எழுப்பி, தகரத்துக்கு அடியில் வெள்ளிப் பூச்சு ஃபோம் சுருள் விரித்து, சீலிங்கும் அடித்தோம். எங்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு செலவு கூடியது. அந்தக் காசு வீணா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் கரண்ட் பில் குறையும் என்று அவர்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

புளொக் மலிவு, வேலை வேகம், எந்த மேசன் பாஸுக்கும் தெரிந்த வேலை. ஏழு பேர்ச்சஸ் காணியில் கடன் வாங்கிக் கட்டுகிறவர் அதை எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சுவர் எலிப்பொறிக் கட்டு என்கிற முறை, கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் மூன்றங்குலம் போல வெற்றிடம் விட்டுக் கட்டுவது. வழக்கமான ஒன்பதங்குலச் சுவரைவிடக் கிட்டத்தட்ட கால்வாசிக் கல் மிச்சம். ஆனாலும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் கல் ஏறி வரும் கூலியைச் சேர்த்தால் புளொக்கை முந்த முடியாது.

சரி, கரண்ட் பில்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். நம் வீடுகளில் யாரும் அறையைச் சூடாக்க ஹீட்டர் போடுவதில்லை, கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். அப்படியிருக்க நல்ல சுவர் பில்லில் எதைக் குறைக்கும்? பில்லை ஏற்றுவது குளியலறை. 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதம் சுமார் 70 யூனிட். 60 யூனிட்டைத் தாண்டினாலே கட்டண முறை மாறிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். நாங்கள் தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிப் போடும் மிலாறுக் குச்சிகளை எரித்து அடுப்பில் வெந்நீர் வைக்கிறோம். மிச்சம் அதில்தான், சுவரில் இல்லை.

அப்படியென்றால் எதற்குக் கூடுதல் காசு? ஈரத்துக்காக.

மச்சான் வீட்டில் மழை அடிக்கிற பக்கத்துச் சுவரைத் தென்மேற்குப் பருவத்தில் கை வைத்துப் பாருங்கள், மண்பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். ஒற்றைச் சுவர் வெளியே நனைந்து உள்ளேயும் குளிர்ந்துவிடும், சோறு வேகும் ஆவியும் நம் மூச்சும் அதில் பட்டு நீராகிவிடும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். இரண்டு வருடத்தில் அந்தச் சுவருக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டார்கள், தங்கச்சியின் சான்றிதழ்கள் இருந்த கோப்பும் போய்விட்டது. "அண்ணே, பிள்ளையோட யூனிஃபோர்ம் மூணு நாளா காயல" என்று அவள் எங்கள் வீட்டுக்குத் துணி கொண்டு வருவாள்.

கூரை இன்னும் மோசம். ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் பார்த்தால் தகரத்தின் அடியில் முத்து முத்தாக நீர். அது மரச் சட்டத்தின் ஓரமாக வழிந்து போர்வையில் சொட்டும். தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும், மழை ஒழுகுகிறது என்றே நினைத்திருப்போம். எங்கள் கூரையில் அது நின்றுவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: ஃபோம் சுருளைத் தகரத்தோடு ஒட்டி இறுக்கிவிட்டால் வெள்ளிப் பூச்சால் பயனில்லை, ஓரங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். எங்கள் பாஸ் முதலில் ஒட்டித்தான் விரித்தார், ஒரு பக்கத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டோம். அஸ்பெஸ்டஸ் இவ்வளவு வியர்க்காது, உண்மைதான், ஆனால் வெட்டும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசை நினைத்தால் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

எங்கள் சுவரிலும் குறை உண்டு. முதல் வருடம் வெளிப்பூச்சு இல்லாமல் விட்டோம். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கல் இருக்கிற இடங்களில் மட்டும் உள்ளே கட்டம் கட்டமாக ஈரம் தெரிந்தது. பூசிய பிறகு நின்றது. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். சுவருக்குள் வெற்றிடம் இருப்பதால், கனமான தட்டு மாட்ட ஆணியை இடம் பார்த்து அடிக்க வேண்டும். பத்து வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று இரண்டு மழைக்காலத்தை வைத்துச் சொல்ல முடியாது. விற்கப் போனால் இதற்குக் கூடுதல் விலை தருவார்களா? எனக்குச் சந்தேகம்தான், பார்க்க வருகிறவர் டைல்ஸைத்தான் பார்ப்பார்.

கையில் காசு குறைவு என்றால் புளொக்கிலேயே கட்டுங்கள், ஆனால் கூரையில் மிச்சம் பிடிக்காதீர்கள். அத்திவாரத்துக்கு மேல் தார் பூசி, நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டீபீசீ படை போடுங்கள், கூரையை மழைப் பக்கம் இரண்டரை அடி வெளியே நீட்டுங்கள், படுக்கையறைச் சன்னலைக் கிழக்கே வையுங்கள். இங்கே பின்னேரம் மூடுபனி இறங்கிவிடும், கிடைக்கிற வெயில் காலை வெயில்தான். சன்னலைக் கிழக்கே வைப்பதால் ஒரு சதம்கூடச் செலவு ஏறாது. மச்சான் இந்த மாதம் சீலிங் அடிக்கத் தொடங்கியிருக்கிறார், ஃபோம் சுருளை இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று விரிக்கச் சொல்வேன்.