டமாஸ்கஸ் சவரக்கத்தி வாங்குகிறவர்கள் முதலில் கத்தியின் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

ஆன்லைனில் ஸ்ட்ரெய்ட் ரேசர், அதாவது மடக்குச் சவரக்கத்தி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 4,800 ரூபாய் கொடுத்து வாங்கிய கத்தியால் ஒரு பக்கக் கன்னத்தைக்கூட முழுதாக மழிக்க முடியவில்லை. ஷேவிங்கில் எனக்குக் கை பழகவில்லை என்று விற்றவர் சொன்னார். பல வருடமாக நான் கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனில் செய்த பழைய கத்தி ஒன்றில்தான் ஷேவ் செய்கிறேன்.

"கையால் அடித்த டமாஸ்கஸ், ஜெர்மன் ஸ்டீல், ஷேவ் ரெடி." விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். படத்தில் அலகு முழுக்க டமாஸ்கஸ் எஃகுக்கே உரிய நீரலை போன்ற கோடுகள், முதுகு (கூருக்கு எதிர்ப்பக்கத் தடித்த விளிம்பு) நெடுக அரத்தால் செதுக்கிய கொடி வேலைப்பாடு, பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை.

முகத்தில் வைத்ததும் முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது. சரி, அனுப்பும்போது கூர் போயிருக்கும் என்று கல்லை எடுத்தேன். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது.

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை பார்த்துக்கொள்ளும். சவரக்கத்தியில் அப்படியில்லை. கல்லில் தட்டையாகப் படுக்க வைத்தால் முதுகும் கூர் விளிம்பும் ஒன்றாகத் தொட வேண்டும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்துதான் கோணத்தை முடிவு செய்கின்றன. நல்ல கத்திகளில் இது சுமார் 16, 17 டிகிரி வரும். முதுகு 5 மி.மீ., அங்கிருந்து கூர் விளிம்பு வரை 18 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 16. எனக்கு வந்ததை அளந்தால் முதுகு 6.5 மி.மீ., அகலம் வெறும் 15 மி.மீ. கணக்குப் போட்டால் 25 டிகிரி. காய் நறுக்கும் கத்திக்குத்தான் அந்தக் கோணம். எவ்வளவு உயர்ந்த கல்லில் தேய்த்தாலும் இது மாறாது, முதுகையே அரைத்துக் குறைத்தால்தான் உண்டு.

முதுகில் அந்தக் கொடி வேலை வேறு. கல்லில் படிய வேண்டிய இடத்தில் மேடும் பள்ளமும் இருந்தால் கத்தி எப்படி ஒரே சீராக நகரும்? கூர் விளிம்பில் மார்க்கர் மை பூசிக் கல்லில் இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் மை போனது, நடுவில் அப்படியே நின்றது. அலகும் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் சலூன் கடைப் பெரியவரிடம் காட்டினேன். அவரே இப்போது பாதி பிளேடு மாட்டும் ரேசர்தான் பிடிக்கிறார், ஆனால் தோல் வாரில் கத்தி தீட்டி வேலை பழகியவர். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, முதுகு இம்புட்டுத் தடிமனா இருந்தா கூர் ஏறாதுப்பா. ஷோகேஸ்ல வைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் அந்த டமாஸ்கஸ். நிஜமானதில் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்துச் சேர்த்திருப்பார்கள். 1095, 15என்20 என்ற எஃகு ஜோடி பரவலாகப் புழங்குவது. அமிலத்தில் நனைத்தால் நிக்கல் உள்ள 15என்20 வெளிச்சமாக நிற்கும், மற்றது கறுக்கும். கோடுகள் எஃகின் உள்ளேயே ஓடுவதால் மேலே தேய்த்தாலும் மறுபடி அமிலம் பட்டால் திரும்பி வரும். என் கத்தியில், அலகையும் பிடியையும் சேர்க்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு மூலையை உப்புத்தாளால் தேய்த்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கிற ஃபெரிக் குளோரைடைத் தடவினேன். மொத்தமும் ஒரே சாம்பல் நிறம், ஒரு கோடு கூட வரவில்லை. மேலாக அச்சடித்த கோலம்தான். முதுகைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: நிஜ டமாஸ்கஸில் கோடுகள் முதுகின் மேலும் தொடரும். விளம்பரத்தில் முதுகை நேராகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை, எல்லாமே பக்கவாட்டுப் படம். டமாஸ்கஸ் நிஜமாக இருந்தாலும் கோணமும் பதமும் சரியில்லாவிட்டால் அது நன்றாக மழிக்காது என்பது வேறு கதை.

"ஜெர்மன் ஸ்டீல்" என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் போடலாம். சோலிங்கன் என்ற பெயருக்கு மட்டும் ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அலகில் அதைப் பொறிக்கலாம்.

அலங்காரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் செய்த பழைய கத்திகளில் அலகின் பக்கத்தில் அமிலத்தால் பொறித்த படங்களும் தங்கப் பூச்சும் இருக்கும். அந்த இடம் உட்குழிவாக இருப்பதால் கல் அங்கே தொடவே தொடாது. செய்தவனுக்குக் கத்தியும் தெரியும், அழகும் தெரியும். கைப்பிடியும் அப்படித்தான்: கொம்பு, மரம் என்றால் எடை ஆணிக்குப் பக்கத்தில் நிற்கும். என்னுடைய பித்தளைப் பிடி பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தது. மூடும்போது அலகு நடுவில் இறங்காமல் ஒரு பக்கம் உரசியது, கூர் விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது.

திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு முதல் பதில், "சுகாதாரப் பொருள், ரிட்டர்ன் இல்லை." அடுத்தது, "நீங்கள் கல்லில் தேய்த்துவிட்டீர்கள்." நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் இணைத்த பிறகுதான் பணம் வந்தது, கூரியர் செலவைக் கழித்துக்கொண்டு. ஆகவே ஆர்டர் போடும்போதே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள்.

அதே கத்தி இன்னும் விற்பனையில் இருக்கிறது. பித்தளைக்குப் பதில் ரோஸ்வுட் பிடி, விலை 5,400. முதுகைக் காட்டும் படம் இப்போதும் இல்லை.