டேவ் கல்லனின் ‘கொலம்பைன்’: மதியத்துக்குப் பிறகு நடந்ததற்காக வாங்குங்கள்

இந்தப் புத்தகத்தை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் நிறையப் பேர் எந்தப் பாதியைத் தேடி வாங்குகிறார்களோ, அந்தப் பாதிக்காக வேண்டாம்.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலம், ஜெஃபர்சன் கவுண்டி, லிட்டில்டனை ஒட்டியிருக்கும் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அங்கேயே படித்த இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். அதைத் தொடக்கத்திலிருந்தே எழுதிவந்த பத்திரிகையாளர் டேவ் கல்லன். பத்து வருடம் அதிலேயே கிடந்து 2009இல் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம், குற்றம் பற்றிய எழுத்துக்குக் கொடுக்கும் எட்கர் விருது கிடைத்தது.

புத்தகத்தில் இரண்டு சரடுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, அந்த இருவரும் எப்படி அந்த நாளுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது. இன்னொன்று, அன்று மதியத்திலிருந்து அடுத்த பத்து வருடம் அந்த ஊர் என்ன ஆனது என்பது. இணையத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சரடைத்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய டைரி, உடை, கேட்ட பாட்டு என்று. எனக்கு இரண்டாவது சரடுதான் புத்தகம். அந்த இருவரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. 2012இல் இதே கொலராடோவில் அரோரா திரையரங்குத் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த பெற்றோர் ‘நோ நொட்டோரைட்டி’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். சுட்டவன் பெயரையும் படத்தையும் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அது நியாயமான கோரிக்கை என்று நினைக்கிறேன்.

நான் டென்வர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மணி அடித்தால் கேமராவில் முகத்தைப் பார்த்து வாசல் கதவைத் திறந்துவிடுவது, ஐடி வாங்கிச் சரிபார்ப்பது, தாமதமாக வரும் பிள்ளைக்குச் சீட்டு எழுதுவது எல்லாம் என் மேசையில்தான். அதனால் இந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கியது துப்பாக்கிச் சூட்டுப் பகுதி இல்லை. லீவுட் தொடக்கப் பள்ளி வரும் பக்கங்கள்தான்.

கொலம்பைனிலிருந்து தப்பித்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்க அன்று அந்தப் பள்ளியைத்தான் பயன்படுத்தினார்கள். பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். அவர்களை மேடையில் ஏற்றி வரிசையாக நடக்க வைக்கிறார்கள். கீழே கூட்டமாக நிற்கும் அம்மா அப்பாக்கள் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்தவர்கள் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. சாயங்காலம் சில குடும்பங்கள்தான் மிச்சம். இன்னும் ஒரு பஸ் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பஸ் வரவேயில்லை. அப்புறம் ஓர் அதிகாரி வந்து, பிள்ளை என்ன உடை போட்டிருந்தது, பல் மருத்துவரிடம் எடுத்த பதிவுகள் கிடைக்குமா என்று கேட்கிறார். அதோடு அந்தப் பெற்றோருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்குள் வெடிகுண்டுகள் இருக்கலாம் என்ற பயத்தில் உடல்களை அன்றிரவு எடுக்கவில்லை. ஓர் அப்பா, தன் மகன் நடைபாதையில் கிடக்கும் படத்தை மறுநாள் காலைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இதைக் கல்லன் அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார். அழ வைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இன்று எங்கள் பள்ளியில் இதற்கென்று ஒரு கார்டு இருக்கிறது. பெற்றோர் பூர்த்தி செய்து ஐடியோடு காட்ட வேண்டும். நாங்கள் சரிபார்த்து, நடுவில் இருக்கும் கிழிகோட்டில் கிழித்து ஒரு பாதியைத் திருப்பித் தருவோம். பிள்ளைகள் இன்னோர் இடத்தில் இருப்பார்கள், ஒருவர் போய் அழைத்து வருவார். யாரும் மேடையில் நடக்க வேண்டியதில்லை. இந்த முறையைத் தொகுத்துக் கொடுத்த ‘ஐ லவ் யூ கைஸ்’ அறக்கட்டளையும் கொலராடோவில் பிறந்ததுதான். 2006இல் பிளாட் கேன்யன் பள்ளியில் மகளை இழந்த பெற்றோர் தொடங்கியது. ஆபத்து வந்தால் வகுப்பறைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும் லாக்டவுன் என்றால் ‘லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்’ (கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாமல் இரு) என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அதுவும் அவர்கள் கொடுத்ததுதான். என் மகன் இரண்டாம் வகுப்பில் அந்த ஒத்திகை முடிந்து வந்த அன்று, “இந்தப் பக்கம் உக்காந்தா கதவுக் கண்ணாடில தெரியாதும்மா” என்று சாப்பாட்டு மேசையை வைத்தே காட்டினான்.

இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அம்மா, அப்பா, பிள்ளை மூவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருப்பது சகஜம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பள்ளிப் படிவத்தில் நாம் எழுதியது இன்னொரு பெயர். அவசர நேரத்தில் ஐடியும் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் எங்களால் பிள்ளையை அனுப்ப முடியாது. அவசரத் தொடர்புப் பட்டியலில் பெயரை ஐடியில் இருப்பது போலவே எழுதுங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

டேவ் சாண்டர்ஸ் பற்றிய பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர், ஆசிரியர். உணவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தபோது உள்ளே ஓடி, எல்லாரையும் வெளியேறச் சொன்னவர். மாடி நடைவழியில் சுடப்பட்டு, ஓர் அறிவியல் வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்டார். அங்கே இருந்த மாணவர்கள் தங்கள் சட்டைகளைக் கழற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்தார்கள். அவர் பர்ஸிலிருந்த குடும்பப் படங்களை எடுத்துக் காட்டிப் பேச்சுக் கொடுத்தார்கள். ஒருவர் ரத்தம் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதி ஜன்னலில் வைத்தார்கள். வெளியே போலீஸ் படையே நின்றது. சுட்ட இருவரும் பன்னிரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிட்டார்கள். ஆனால் சாண்டர்ஸ் இருந்த அறைக்கு உதவி வந்து சேர, அவர் சுடப்பட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழைக்கவில்லை. சுற்றி வளை, காத்திரு, அறை அறையாகப் போ என்பதுதான் அன்றைய போலீஸ் நடைமுறை. அவர் மகள் தொடுத்த வழக்கை 2002இல் கவுண்டி 15 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அதன் பிறகு அமெரிக்கா முழுவதும் அந்த நடைமுறையே மாறியது. இப்போது முதலில் வந்து சேரும் போலீஸ்காரர் சத்தம் வரும் திசையில் உள்ளே போக வேண்டும்.

இன்னொரு பெரிய பலம், பொதுமக்கள் மனதில் இருக்கும் கொலம்பைன் எப்படி உருவானது என்று காட்டுவது. சூடு தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் டிவி நேரலை தொடங்கிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கைபேசியில் டிவி நிலையங்களை அழைத்தார்கள். டிவியில் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு அவர்களே மைக் முன்னால் அதைச் சாட்சியாகச் சொன்னார்கள். ‘டிரெஞ்ச்கோட் மாஃபியா’ என்ற கும்பல், விளையாட்டு வீரர்களைக் குறிவைத்த பழிவாங்கல் என்று கதை சில மணி நேரத்தில் முழுசாகத் தயார். உண்மையில் அவர்களுடைய முதல் திட்டம் துப்பாக்கிச் சூடே இல்லை. உணவுக்கூடத்தில் வைத்த பெரிய புரொபேன் குண்டுகள் வெடித்திருந்தால் யாரையும் குறிவைக்காமல் நூற்றுக்கணக்கானோர் செத்திருப்பார்கள். அவை வெடிக்கவில்லை. திட்டம் தோற்றுப்போன பிறகு நடந்ததைப் பார்த்து உலகம் காரணம் கண்டுபிடித்தது.

நூலகத்தில் கடவுளை நம்புகிறாயா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி இறந்த மாணவியின் கதை எல்லாரும் கேட்டதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் வேறொரு மாணவி. அவர் குண்டுக் காயங்களோடு பிழைத்துவிட்டார். மேசைக்கு அடியில் ஒளிந்திருந்து குரலை மட்டும் கேட்ட ஒரு பையன் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டான். பின்னால் விசாரணை அதிகாரிகளோடு நூலகத்துக்குப் போனபோது அவன் சுட்டிக்காட்டிய இடம் பிழைத்த மாணவி இருந்த இடம். அதற்குள் கதை தேவாலயங்களில் பரவிவிட்டது. 1999 செப்டம்பரிலேயே அதைப் பற்றி ஒரு புத்தகமும் வந்துவிட்டது. பிழைத்த பெண் தன் அனுபவத்தைச் சொன்னபோது காப்பியடிக்கிறாள் என்று பேசினார்கள். கல்லன் இதை எழுதும்போது இறந்த மாணவியின் குடும்பத்தைக் கேவலப்படுத்தவில்லை. அந்தக் கண்ணியத்துக்காகவே அவரை மதிக்கிறேன்.

போலீஸ் மறைத்ததைப் பற்றிய பகுதிகள் ஆறப்போடாமல் படிக்க வேண்டியவை. சுட்டவர்களில் ஒருவனின் இணையதள மிரட்டல்கள் பற்றிப் புகார் வந்து, அவன் வீட்டைச் சோதனையிட 1998இலேயே ஒரு மனு எழுதி வைத்திருந்தார்கள். நீதிபதியிடம் போகவேயில்லை. சம்பவம் நடந்து சில நாளில் அதிகாரிகள் தனியாகக் கூடி அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 2001இல்தான் அது வெளிவந்தது.

ஃபிராங்க் டிஆஞ்சலிஸ் அப்போதைய தலைமையாசிரியர். புத்தகம் அவரோடுதான் தொடங்குகிறது. பிராம் என்ற பள்ளி நடன விருந்து வரும் வாரக்கடைசிக்கு முன்னால், திங்கட்கிழமை எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் பேசுகிறார். சம்பவத்துக்குப் பிறகு அவரை ஊர் தாங்கியது, குற்றமும் சொன்னது. மணவாழ்க்கை முறிந்தது. இருந்தும் விலகாமல் 2014 வரை அதே பள்ளியில் இருந்தார். எனக்கு இந்த முழுப் புத்தகத்திலும் மனதுக்கு நெருங்கிய ஆள் அவர்தான்.

குறைகள் இருக்கின்றன, அவை சின்னவை இல்லை. இருவரில் ஒருவன் சைக்கோபாத், இன்னொருவன் மன அழுத்தக்காரன் என்று கல்லன் பிரித்துவிடுகிறார். பெரும்பாலும் எஃப்பிஐ உளவியலாளர் டுவெய்ன் ஃபியூசிலியரின் பார்வை அது. படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் செத்துப்போன பதினெட்டு வயதுப் பையனுக்கு இவ்வளவு உறுதியாக நோய்ப் பெயர் சூட்டலாமா? அந்தப் பள்ளியில் கேலியும் அடிதடியும் இருந்தது என்று அங்கே படித்த சிலர் சொல்வதை அவர் போதுமான அளவு காதில் வாங்கவில்லை. இருவரின் மனசுக்குள் புகுந்து அவர்கள் பாஷையிலேயே எழுதும் பத்திகள் எனக்கு அருவருப்பாக இருந்தன. திட்டமிடல் பகுதியும் தேவைக்கு மேல் விரிவு.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. 2019 ஏப்ரலில், இருபதாம் ஆண்டு நினைவு நெருங்கியபோது, இந்தச் சம்பவத்தில் மோகம் கொண்ட பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஃபுளோரிடாவிலிருந்து டென்வருக்கு விமானத்தில் வந்து துப்பாக்கி வாங்கினாள். சம்பவம் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. டென்வர் வட்டாரப் பள்ளிகளை மூடினார்கள், ஏறக்குறைய ஐந்து லட்சம் பிள்ளைகள் வீட்டில். கடைசியில் அவள் மலைப்பகுதியில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தாள். அதே வருடம் ஜூனில், கொலம்பைன் பள்ளிக் கட்டடத்தைப் பார்க்க வந்து நுழையப் பார்ப்பவர்கள் தொல்லை தாங்காமல், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் மக்களிடம் கேட்டார். எதிர்ப்பு வந்ததால் ஜூலையில் கைவிட்டார்கள். அந்த இருவர் பதிவு செய்திருந்த வீடியோக்களை ஷெரிஃப் அலுவலகம் (கவுண்டி போலீஸ்) 2011இலேயே அழித்துவிட்டது. இன்னமும் இணையத்தில் அதைத் தேடுகிறார்கள்.

புத்தகம் முடிந்த பிறகும் அந்த நாள் முடியவில்லை. அன்று சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு மாணவி 2025 பிப்ரவரியில் இறந்தார். அந்த மரணத்தையும் கொலை என்றே பதிவு செய்தார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள் படிப்பதானால் இருவரின் பழைய கதை வரும் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு ஊரின் கதையை மட்டும் தொடர்ந்து படிக்கலாம், புரியாமல் போகாது. அவர்களுடைய பெற்றோர் கொடுத்த வாக்குமூலங்களை 2007இல் ஒரு நீதிபதி இருபது ஆண்டுகளுக்கு மூடி வைத்தார், 2027 வரை. கல்லனுக்கு அவை கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்குள் நடந்தது பற்றி அவர் எழுதியிருப்பதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.