ஓப்பன்எம்பியா, ஓப்பன்ஏசிசியா: லூப்புக்கு ஒரு வரி போதும்

வெப்பப் பரவலைக் கணிக்கும் எங்கள் சி நிரலை ஜிபியுவில் (ஒரே நேரத்தில் பல கணக்குகளைச் செய்யும் வரைகலைச் செயலியில்) ஓட்ட முதலில் ஓப்பன்ஏசிசியைத்தான் தேர்ந்தேன். ஓராண்டு கழித்து முழுவதையும் ஓப்பன்எம்பி 5.0-க்கு மாற்றினேன். இரண்டுமே லூப்புக்கு (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) மேல் ஒரு பிராக்மா வரி, அதாவது கம்பைலருக்கான குறிப்பு, எழுதி, மீதியை நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அந்தக் கம்பைலரிடம் ஒப்படைக்கும் முறைகள். வேகத்தில் எங்களுக்குச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை.

எழுதுவதற்கு ஓப்பன்ஏசிசியே எளிது. அதில் 'பேரலல் லூப்' என்று முடிவதை, ஓப்பன்எம்பி 4.5-இல் 'டார்கெட் டீம்ஸ் டிஸ்ட்ரிபியூட் பேரலல் ஃபார்' என்று நீட்டி எழுத வேண்டும். 2018-இல் வெளிவந்த 5.0, 'டார்கெட் டீம்ஸ் லூப்' என்று அதைச் சுருக்கியது.

முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. சிபியு த்ரெட்டுகளுக்கான (இணையாக ஓடும் பணி இழைகளுக்கான) ஓப்பன்எம்பி வரிகள் ஏற்கெனவே இருந்ததால், ஒவ்வொரு லூப்பின் மேலும் இரண்டு பிராக்மாக்கள் நின்றன. உடன் பணிபுரியும் ஒருவர் பிழை அளவுக்கான புதிய மாறியை ஓப்பன்எம்பி வரியின் ரிடக்‌ஷனில் (இணையாகக் கிடைக்கும் விடைகளை ஒன்றாகச் சேர்க்கும் பகுதியில்) மட்டும் சேர்த்துவிட்டார். ஜிபியுவில் அதன் மதிப்பு திரும்பி வராமல் சுழியாகவே இருக்க, விடை கிடைத்துவிட்டதென்று கருதி நிரல் முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. ஓப்பன்எம்பி 4.5-இலும் இதே போன்ற பள்ளம் உண்டு: ரிடக்‌ஷனில் எழுதிய மாறியை சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் இடையே தரவை நகர்த்தச் சொல்லும் 'மேப்' பகுதியிலும் தனியே குறிப்பிடாவிட்டால் கூட்டுத்தொகை ஜிபியுவிலேயே தங்கிவிடும். இத்தகைய கூட்டு வரிகளில் அந்த மாறி தானாகவே போய்த் திரும்பும் என்று 5.0 விதியையே மாற்றியது. எனக்கு அதன் மிகப் பெரிய பயன் இதுதான்.

இப்போது லூப்புக்கு ஒரே வரி; ஜிபியு இல்லாத கணினியில் அதுவே சிபியுவில் ஓடுகிறது. அங்கே வேகம் கம்பைலருக்குக் கம்பைலர் மாறுகிறது. இரண்டில் மட்டுமே சோதித்திருக்கிறேன் என்பதால் பொதுவாகச் சொல்லத் தயங்குகிறேன். ஜிசிசி கம்பைலர் ஓப்பன்எம்பி, ஓப்பன்ஏசிசி இரண்டையும் ஏற்கிறது. இன்டெல் கம்பைலரோ ஓப்பன்எம்பியை மட்டுமே ஏற்பதால், அரோரா போன்ற இன்டெல் ஜிபியு மீக்கணினிகளைப் பயன்படுத்த எண்ணுபவர்கள் இதையும் கருத வேண்டும்.

2024 நவம்பரில் வந்த ஓப்பன்எம்பி 6.0-இன் 'டாஸ்க்கிராஃப்', திரும்பத் திரும்ப ஓடும் பணித் தொகுதியை ஒருமுறை பதிவுசெய்து மீண்டும் இயக்க வழிசெய்கிறது. எங்களைப் போன்ற சுற்றுக் கணக்கீடுகளுக்கு அது ஏற்றதாகத் தோன்றினாலும், நான் இன்னும் பயன்படுத்தவில்லை.

என்விடியா ஜிபியுவில் மட்டும் ஓடும், ஓப்பன்ஏசிசியில் எழுதி முடித்த ஃபோர்ட்ரான் நிரல் உங்களிடம் இருந்தால், அதை மாற்றச் சொல்லமாட்டேன். அங்கே லூப்புக்கு ஒரு வரிதான் இருக்கிறது.