இணையவழிப் பயிற்சித் தளம் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

கோவை வட்டார நூற்பாலைகளின் தொழிலாளர்களுக்கு இயந்திரப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் சிறிய அமைப்பு எங்களுடையது. தொழிலாளர்கள் கைபேசியிலேயே பாடத்தைப் பார்த்து, தேர்வு எழுதி, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளும்படி ஓர் இணையதளம் அமைத்துத் தரும் வேலையை 2022-இல் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். தற்போதைய பதிப்பிலான பிஎச்பி என்ற நிரல்மொழி, பதிவுகளைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், முழுமையான தமிழ் வசதி, மூலநிரல் (படித்துத் திருத்தக்கூடிய வடிவில் தளத்தின் நிரல்) ஒப்படைப்பு என்று அவர்கள் தந்த கொட்டேஷனில் தெளிவாக எழுதியிருந்தது. மைஎஸ்கியூஎல் என்ற பெயரைத் தவிர வேறெதுவும் மெய்யாக இருக்கவில்லை. இப்போது இதே கொட்டேஷன் எங்களைப் போன்ற வேறு பயிற்சி அமைப்புகளுக்கும் போய்க்கொண்டிருப்பதாகத் தெரிய வந்ததால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கோளாறு முதலில் தெரிந்தது சான்றிதழில். ‘முத்துலட்சுமி சுப்பிரமணியன்’ என்று ஒருவர் தம் பெயரைப் பதிந்தால், சான்றிதழில் ‘முத்துலட்சுமி சுப’ என்பதோடு நின்று, அதன் பின்னால் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்தது. பெயரைச் சுருக்கமாகப் பதியச் சொல்லுங்கள் என்பதே நிறுவனத்தாரின் பதில். காரணத்தை வேறொரு வல்லுநர் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்துச் சொன்னார். பெயருக்கான பத்தியை (அட்டவணையின் நெடுவரிசையை) ஐம்பது எழுத்து நீளத்தில், ‘லத்தீன்1’ என்ற பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில், அமைத்திருந்தார்கள். அந்தக் குறியாக்கத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) மட்டுமே இடம். தளம் தமிழை அனுப்பிய யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையிலோ ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ஆகவே அந்த ஐம்பதில் தமிழுக்குக் கிடைத்தது பதினாறு குறியீடுகள்தான். பதினேழாவது பாதியில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறியானது. பொருந்தாத பதிவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்ததால், பெயர் வெட்டுப்படும்போது பிழைச் செய்தியும் எழவில்லை. எல்லா மொழிக்கும் இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கம் மைஎஸ்கியூஎல்லில் 2010-லேயே வந்துவிட்டது. தமிழ் வசதி என்று எழுதிக் காசு வாங்கியவர்கள் அதைத் தொடக்கூட இல்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது தேர்வு நாள். ஓர் ஆலையின் ஷிப்ட் முடிந்து பலரும் ஒரே நேரத்தில் தேர்வைத் திறந்ததும் தளம் உறைந்து நின்றது. அட்டவணைகள் எல்லாம் மைஐசாம் என்ற சேமிப்பு முறையில் இருந்தன. அந்த முறையில் ஒருவருடைய விடையைத் திருத்திப் பதிய வேண்டுமானாலும் அட்டவணை முழுவதும் பூட்டப்படும்; மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதைவிடக் கேடு, பல பதிவுகளை ஒன்றாகச் செய், முடியாவிட்டால் எதையுமே செய்யாதே என்று சொல்லும் பரிவர்த்தனை வசதி அதில் கிடையாது. இதனால் தேர்வு எழுதியதற்கான வரி (அட்டவணையின் ஒரு பதிவு) இருந்தும் மதிப்பெண் வரி இல்லாத தொழிலாளர்கள் பலர் மறுபடி தேர்வு எழுத வேண்டியதாயிற்று. வரி மட்டும் பூட்டப்படும் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை, மைஎஸ்கியூஎல் 5.5-இலிருந்தே கேட்காமலேயே அமையும் முறையாக இருக்கிறது. ஆகவே புதிதாகச் செய்பவர் மைஐசாமை வேண்டுமென்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அல்லது யாருக்கோ எப்போதோ செய்த தளத்தின் அட்டவணைகளை அப்படியே நகலெடுத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகைச் சரக்கு என்றே கருதுகிறேன். பாட அட்டவணையில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பயிற்சி மையத்தின் பாடத் தலைப்புகள் அழிக்கப்படாமல் கிடந்தன.

பிறகு, தளத்தைத் தன் சர்வரில் வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சர்வரை மூடி எங்களைப் பிஎச்பி 8-க்கு மாற்றியது. அன்று காலை தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய ‘மைஎஸ்கியூஎல்_கனெக்ட்’ என்ற செயற்கூறே இல்லை என்று பிழைப் பதிவேடு சொன்னது. அந்தக் குடும்பத்துச் செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7.0-இலேயே நீக்கப்பட்டவை. எங்களுக்குத் தந்தது பிஎச்பி 5.6-க்கான நிரல், அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. தொழிலாளர்களின் கடவுச்சொற்களை உப்புச் சேர்க்காத (ஒவ்வொன்றுக்கும் தனித் தற்செயல் எழுத்துகள் கலக்காத), எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 வடிவில் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரி, நிரலை வேறு யாரையாவது வைத்துத் திருத்தலாம் என்றால், இணைப்புக் கோப்பு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் மறைகுறியாக்கிப் பூட்டப்பட்டிருந்தன. திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான். ‘மூலநிரல் ஒப்படைப்பு’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் செய்த ஒப்படைப்பு இதுதான்.

முறையிட்டபோது அவர்கள் சொன்ன சமாதானம்தான் எல்லாவற்றிலும் மோசம். பிஎச்பி செத்த மொழி, மைஎஸ்கியூஎல் பழைய காலத்தது, நோட்ஜேஎஸ் என்ற நிரல் இயக்கமும் மாங்கோடிபி என்ற வேறு வகைத் தரவுத்தளமும் வைத்துப் புதிதாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, மறுபடியும் முழுத் தொகைக்கு ஒரு கொட்டேஷன் நீட்டினார்கள். இந்தப் பேச்சை நம்ப வேண்டாம். உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் என்ற பயிற்சித் தள மென்பொருள் 2002-இலிருந்து பிஎச்பியில்தான் எழுதப்பட்டு வருகிறது. அதே வகையைச் சேர்ந்த ஓப்பன் எட்எக்ஸ் பைத்தான் மொழியில், கேன்வாஸ் ரூபி மொழியில். மூன்று மொழியிலும் நல்ல பயிற்சித் தளம் அமையும் என்பதற்கு இவையே சாட்சி. மொழியைவிட, அதன் எந்தப் பதிப்பு, அதற்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் வரும், நாளை அதைப் பராமரிக்க உங்கள் ஊரில் ஆள் கிடைப்பார்களா என்பவையே பார்க்க வேண்டியவை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. யார் எந்தப் பாடத்தில் சேர்ந்தார், எந்தத் தேர்வில் என்ன பெற்றார், எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதியாகும் என்பவை ஒன்றோடொன்று பிணைந்த பதிவுகள். இவற்றுக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மரியாடிபி, மைஎஸ்கியூஎல் போன்ற உறவுமுறைத் தரவுத்தளமே பொருந்தும். மாங்கோடிபிக்கு வேறு நல்ல பயன்கள் உண்டு. ஆனால் லத்தீன்1-இல் தமிழைத் திணித்தவர்களின் குற்றத்தை அது தீர்க்காது.

சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. பலருக்கும் இது தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. காசு கொடுத்துவிட்டோம் என்பதாலேயே நிரலின் உரிமை நமக்கு வந்துவிடாது. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமை தருபவரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே கொட்டேஷனில் உள்ள ஒரு வரி போதாது. பூட்டப்படாத நிரலும் அதன் உரிமையும் எந்தத் தேதியில் கைமாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஹோஸ்டிங் கணக்கும் தளத்தின் முகவரியான டொமைன் பெயரும் உங்கள் அமைப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

நாங்கள் கடைசித் தவணையை நிறுத்திவைத்து வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை. பதிவுகளை மூடுலுக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கும் மாற்றும் வேலை நடக்கிறது. லத்தீன்1 பத்தியை முதலில் வெறும் பைட் வடிவுக்கும் அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கும் மாற்றினால் தமிழ் எழுத்துகள் மீண்டு வந்துவிடுகின்றன. ஆனால் வெட்டுப்பட்ட பெயர்கள் வராது. அவற்றைக் காகித விண்ணப்பங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களிடம் இப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் ஏற்கெனவே செய்த ஒரு தளத்தின் சர்வரில் அட்டவணையின் அமைப்பைக் காட்டும் ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்ற கட்டளையை உங்கள் கண்முன் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். சேமிப்பு முறையும் குறியாக்கமும் அந்த வெளியீட்டின் கடைசி வரியிலேயே தெரிந்துவிடும். பிஎச்பியின் பதிப்பு எண்ணையும் அதே அமர்வில் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.