நல்லூர்த் தேர் நேரத்தில் வந்த விமான வேலைநிறுத்தம்

2025 ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போக இருந்த பல குடும்பங்களின் பயணத்தை எயர் கனடா விமானப் பணியாளர்களின் வேலைநிறுத்தம் குழப்பியது. 16ஆம் திகதி தொடங்கி 19ஆம் திகதி உடன்பாட்டோடு முடிந்தது. ஆனால் சேவை முழுதாகச் சீராக ஒரு கிழமைக்கு மேல் ஆகும் என்று நிறுவனம் சொன்னது. அதற்குள் தேர் முடிந்துவிட்டது.

நானும் அம்மாவும் தேருக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தோம். அதற்கு எங்கள் பயண முகவர் அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் சின்ன அலுவலகம். கனடாவில் விமான வேலைநிறுத்தம் ஓரிரவில் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சமரசப் பேச்சுக்கான காலம் முடிந்த பிறகு 21 நாள் பொறுக்க வேண்டும், 72 மணி நேர முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். அதனால் வேலைநிறுத்தம் எந்த நாளில் இருந்து சாத்தியம் என்று நாட்காட்டியில் எண்ணிப் பார்க்கலாம். ஆகஸ்ட் 5இல், வாக்களித்த பணியாளர்களில் 99.7 வீதம் பேர் வேலைநிறுத்தத்தை ஆதரித்த செய்தி வந்ததும் அக்கா அழைத்தார். "தம்பி, இப்பவே திகதியை முன்னுக்குத் தள்ளுவம். நோட்டீஸ் வந்த பிறகு ஒரு சீட்டும் கிடைக்காது." கட்டண வித்தியாசத்தைச் செலுத்தினோம். 13ஆம் திகதி முன்னறிவித்தல் வந்தது. மறுநாளே விமானங்களை ரத்துச் செய்யத் தொடங்கினார்கள்.

பணியாளர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். பயணிகளை ஏற்றி இருத்தும் நேரத்துக்கும் சம்பளம் கேட்டார்கள்.

எங்களுக்கு லண்டன் வரை ஒரு விமானம், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று. இரண்டையும் அக்கா ஒரே ரிக்கற்றில் போட்டிருந்தார். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். லண்டனில் சொந்தக்காரரைப் பார்க்கலாம், மலிவாகவும் இருக்கும் என்று பலர் தனித்தனியாக வாங்குகிறார்கள். முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு அது பறந்துவிடும். சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான், கூடவே இந்திய விசாவும் பார்க்க வேண்டும்.

திகதி மாற்றியதும் அக்கா செய்த இன்னொரு வேலை, அம்மாவின் சக்கர நாற்காலி புதிய பதிவிலும் இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்தது. சில நேரம் அது பழைய பதிவோடு போய்விடும். முகவரின் மின்னஞ்சல் மட்டும் பதிவில் இருந்தால் ரத்து அறிவித்தல் அவருக்குத்தான் போகும் என்று எங்கள் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முன்னறிவித்தல் வந்த பிறகு காப்புறுதி எடுத்தது. ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது. ரிக்கற் வாங்கும் அன்றே காப்புறுதியையும் எடுத்துவிடுங்கள். வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று பயந்து நீங்களாக ரத்துச் செய்ய வேண்டாம். நிறுவனம் ரத்துச் செய்தால்தான் உங்களுக்கு உரிமை பிறக்கிறது. கனடா விதிப்படி வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்பதால் நட்டஈடு கிடையாது. ஆனாலும் பெரிய நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் தன் விமானத்திலோ கூட்டாளி விமானத்திலோ இடம் தர வேண்டும். முடியாவிட்டால் வேறு எந்த நிறுவனத்திலாவது ஏற்றிவிட வேண்டும், அல்லது நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

திரும்பி வரும்போது நிலைமை வேறு. லண்டனில் இருந்து புறப்படும் விமானத்துக்கு, அது எந்த நாட்டு நிறுவனமானாலும், பிரிட்டன் விதி பொருந்தும். அங்கே அகப்பட்டால் சாப்பாடும் தங்குமிடமும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. கவுண்டரில் கேளுங்கள், தராவிட்டால் நியாயமான செலவைச் செய்து பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிறகு கேட்டு வாங்குங்கள்.